எப்சிபாவோட முன்பல்லு

உக்காருங்கம்மா, உக்காருங்க. பைய நான் மடியில வச்சுக்கிடுதேன். டோக்கன் எத்தன உங்களுக்கு? முப்பத்தி நாலா? அப்போ மத்தியானச் சாப்பாடு இங்கனதான். எங்களுது பதினொண்ணு. ஒன்பது மணிக்கு வந்தோம். மக உள்ள நாற்காலியில படுத்திருக்கா, பெரிய டாக்டர் இன்னும் வரல. படிக்கிற பிள்ளைங்கதான் மாத்தி மாத்தி வந்து வாயத் தெறக்கச் சொல்லிப் பாத்துட்டுப் போவுது. எனக்கு இந்த பெஞ்சில உக்காந்து உக்காந்து இடுப்பே விட்டுப் போச்சு. மூணு வருசமா வாறேன். அந்த ஃபேன் மூணு வருசமா இப்படித்தான் சுத்துது.

முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டுப் பேசுதாளேன்னு நெனைக்காதீங்க. சளி கிளி ஒண்ணும் கெடையாது. சின்ன வயசுப் பழக்கம், போவ மாட்டேங்கு. என் பல்லு அப்படி. பள்ளிக்கூடத்துல என்னைத் தேங்காத் துருவின்னுதான் கூப்பிடுவாளுவ. ராஜகனின்னு ஒரு பேரு இருக்குங்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது. என் கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துல கூட நான் சிரிச்சிருக்க மாட்டேன். போட்டோக்காரன் 'சிரிங்கக்கா, சிரிங்கக்கா'ன்னு கெஞ்சுதான். நான் உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு நிக்கேன். பாத்தவங்க எல்லாம் என்னமோ என்னைக் கட்டாயப்படுத்திக் கட்டி வச்சாங்கன்னு நெனச்சிருப்பாங்க. அந்த மனுசன் தங்கமான மனுசன், பாவம்.

உங்க பிள்ளைக்குக் கம்பி போடவா வந்தீங்க? ஏழாப்பா? போடுங்க, இந்த வயசுதான் சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பிள்ள ஏதும் ஊதுதாளா? ஊதுததுன்னா, குழலு, நாயனம், ட்ரம்பெட், அந்த மாதிரி? கெடையாதா? அப்போ பயப்படாண்டாம். நல்லாப் போடுங்க.

ஏன் கேக்கேன்னா, எம் மக எப்சிபா ட்ரம்பெட் ஊதுதா. இந்தா கெடக்கு பாருங்க பெட்டி, என் காலடியில. பல்லாஸ்பத்திரிக்கு இது எதுக்குட்டின்னு கேட்டேன், 'சும்மாம்மா'ங்கா. காலையில இருந்து அந்த ஒரு வார்த்தைதான் பேசியிருக்கா.

எல்லாம் எட்டாப்புல ஆரம்பிச்சது. எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல புதுசா பேண்டு ஆரம்பிச்சாங்க. பியூலா மேடம்னு ஒருத்தி வந்தா. வந்தான்னு சொல்லுதேன், நேர்ல பாத்தா வாங்க மேடம்னுதான் சொல்லுவேன். அந்த மேடம் பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு, ஆளாளுக்கு எது பொருந்தும்னு பாத்திருக்கு. எல்லாக் குட்டிகளுக்கும் டிரம்மு வேணும், இல்லன்னா குழலு வேணும். ட்ரம்பெட்ட ஒருத்தியும் தொட மாட்டேங்காளுவ. உதடு தடிச்சுப் போவும், மூஞ்சி கோணிப் போவும்னு யாரோ சொல்லி வச்சிருக்காவ. அப்போ மேடம் என்ன பண்ணிச்சு தெரியுமா? எல்லாரையும் 'ஈ'ன்னு பல்லக் காட்டச் சொல்லியிருக்கு.

ஈன்னு காட்டச் சொல்லி, வரிசையா பாத்துக்கிட்டே வந்து, எம் மக முன்னால நின்னு, 'ஏய், உனக்கு ட்ரம்பெட்டுதான். இந்தப் பல்லுக்காகவே அத செஞ்சு வச்சிருக்கு'ன்னு சொல்லிட்டாங்க. அத்தன பிள்ளைங்க முன்னால. முன்பல்லு ரெண்டும் லேசா முன்னால வந்து, நடுவுல சாஞ்சு நிக்கும்லா, அதுல உதடு போய்க் கெட்டியா உக்காருமாம். காத்து சிந்தாம போவுமாம். எனக்கு என்ன தெரியும்.

அன்னைக்கு சாயங்காலம் பிள்ள வீட்டுக்கு வந்து நேரா கண்ணாடி முன்னால போய் நிக்கா. ஈன்னு காட்டுதா, மூடுதா, ஈன்னு காட்டுதா. 'எம்மா, என் பல்லு நல்ல பல்லாம்மா'ங்கா. எனக்குக் குப்புனு ஆயிட்டு. கேலி பண்ணியிருக்காவ, பிள்ளைக்கு அது கூடத் தெரியலன்னு நெனச்சேன். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன் சண்டைக்கு. எம் பிள்ள பல்லப் பத்திப் பேச நீங்க யாருன்னு கேட்டேன். முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டேதான் கேட்டேன். மேடம் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, 'நான் நல்லதாத்தானம்மா சொன்னேன்'னாங்க. அவங்களுக்கு என்ன, பல்லு முத்துக் கோத்த மாதிரி இருக்கு. சொல்லுவாங்க.

சரி, ஊதட்டும்னு விட்டாச்சு. அந்த மொத ஒரு வருசம் இருக்கே, கர்த்தரே. பாட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீளமா ஒரே சத்தம். மூச்சு முட்டுத வரைக்கும் அதே சத்தம். பெறவு அதுக்கு மேல ஒரு சத்தம். வாய்ல வைக்கிற அந்தச் சின்ன மூடிய மட்டும் கழத்தி வச்சு பிர்ர்ர்னு ஊதுவா, மாட்டு ஈ காதுக்குள்ள போன மாதிரி இருக்கும். தெருவுல நாய்ங்க பதிலுக்கு ஊளையிடும். எங்க தெருவுக்குப் புதுசாக் குடிவந்த ஒரு பெரியவரு, துக்க வீடுன்னு நெனச்சு, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னு, 'யாரும்மா தவறுனது?'ன்னு கேட்டாரு. நான் எதுக்குள்ள போய்ப் புகுந்துக்கிட. ஊதி முடிச்சு, ஒரு சாவிய அமுக்கி, உள்ள நிக்கிற எச்சித் தண்ணிய தரையில ஊத்துவா. அத தொடைக்கிறது யாரு? நான்தான். மொட்ட மாடிக்குப் போடின்னு தொரத்தி விட்டேன். நாலு வருசம் மாடியில நின்னுதான் ஊதினா. வெயிலு, மழ, ஒண்ணும் கெடையாது. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

நல்லா ஊதினான்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. பத்தாப்பு படிக்கும்போதே முன்வரிசையில நடுவுல அவதான். கோயில்ல ஈஸ்டர் ஆராதனையில அவ தனியா ஊதும்போது பாதிரியாரு சம்சாரம், எங்க ஐயரம்மா, அழுதாங்களாம். நான் அன்னைக்குக் காணிக்கைத் தட்டு எடுக்கற வேலையில நின்னேன், சரியாக் கேக்கல. நான் பாத்தது வேற. அவ ஊதி முடிச்சுட்டு சிரிச்சா. போட்டோல அந்தச் சிரிப்பப் பாத்தேன். ரெண்டு பல்லும் அப்படியே வெளிய. நானே நிக்கிற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், பன்னெண்டாப்பு முடியட்டும், கம்பி போட்டுறணும்னு.

நல்லதுக்குத்தானம்மா நெனச்சேன்? நீங்களே சொல்லுங்க. நீங்களும் அதுக்குத்தான வந்திருக்கீங்க.

மேடத்துக்குத் தெரிஞ்சு வீட்டுக்கே வந்துட்டாங்க. 'வேண்டாம்மா, பல்ல மாத்தினா வாய் மாறிப் போவும், அந்தச் சத்தம் போயிரும், பிள்ள மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்'னாங்க. நான் காப்பி போட்டுக் குடுத்து அனுப்பி வச்சேன். எப்சிபாவும் ஒரு தடவ சொன்னா. அடுப்படியில நான் தேங்கா ஒடச்சுக்கிட்டு இருக்கேன். பின்னால வந்து நின்னு, 'எம்மா, எனக்கு என் பல்லே போதும்மா'ன்னா. நான் கத்தல. அடிக்கல. அருவாள வச்சுட்டு, தரையில உக்காந்து, என் கதையெல்லாம் சொன்னேன். தேங்காத் துருவிய, கல்யாண ஆல்பத்த, என்னப் பொண்ணு பாக்க வந்து காப்பி குடிச்சுட்டு, தெருமுனைக்குப் போய்ச் சிரிச்ச ரெண்டு பேர, எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையா வந்துட்டு. பிள்ள என் கண்ணத் தொடச்சு, 'சரிம்மா, போட்டுக்கிடுதேன்'னா. அவ்வளவுதான். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. அவளா சொன்னதுதான்.

கம்பி போட்டதும் ஊத முடியல. உள்ள உதடு கிழிஞ்சு போவுது. கம்பி மேல மெழுகு ஒட்டிக்கிட்டு ஊதிப் பாத்தா. அந்த மூடியில ரத்தம். கொஞ்ச நாளைக்கு விடுட்டி, என்ன இப்போ ஒலகமா முங்கிப் போச்சுன்னேன். ஒன்றரை வருசம். பெறவு கம்பிய எடுத்தாங்க. ஏம்மா, என்ன அழகுங்கிறீங்க! சோப்பு விளம்பரத்துல வருவாளுவல்லா, அந்த மாதிரி பல்லு. நான் தெருவுல எல்லாருக்கும் காட்டினேன். ஈன்னு காட்டுட்டி, காட்டுட்டின்னு. காட்டினா.

அன்னைக்கு சாயங்காலம் மாடிக்குப் போய் ட்ரம்பெட்ட எடுத்து வச்சிருக்கா. காத்துதான் வருது. வெறும் காத்து. பஸ் டயர்ல காத்து எறங்குத மாதிரி. மறுநாளும் அப்படித்தான். கோயில் பேண்டுல நடுவுல நின்னவள ஓரத்துல நிறுத்தினாங்க, பெறவு தாளத் தட்டு ரெண்ட கையில குடுத்துட்டாங்க. அதையும் தட்டினா. மொகத்துல ஒண்ணும் காட்ட மாட்டா, அவ அப்பா மாதிரி. ஆனா தெனமும் மாடிக்குப் போவா. ஒரே சத்தத்த எடுக்கப் பாப்பா, ஒடஞ்சு போவும். எடுப்பா, ஒடஞ்சு போவும்.

அப்பாடா, வீடு அமைதியாச்சுன்னு நான் நெனச்சிருக்கணும்லா? முடியலம்மா. அந்த ஒடஞ்ச சத்தம் கேக்கும்போது கிரைண்டர அணச்சுட்டு, அடுத்த தடவையாவது ஒடையாம வருதான்னு காது குடுப்பேன். நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உபவாசம் இருந்தேன். முழங்கால்ல நின்னு, ஆண்டவரே பல்லும் இப்படியே இருக்கட்டும், சத்தமும் வரட்டும்னு ஜெபம் பண்ணினேன். இந்த முட்டு வலி அதுல வந்ததுதான்.

ஜெபத்தக் கேட்டாரும்மா. மெள்ள மெள்ள வந்துட்டு. இப்போ பழையபடி ஊதுதா. அதான் வாற திங்கக்கெழம சென்னையில ஒரு இசைக் காலேஜ்ல பரீட்ச வச்சிருக்காங்க. ட்ரம்பெட்டுக்கு மொத்தம் ரெண்டே எடந்தான். அங்க படிச்சு வெளிய வரணும், அதே வேலையா இருக்கணும்ங்கா. வேற எதுக்கும் அவ இவ்வளவு ஆசப்பட்டு நான் பாத்ததில்ல. இன்னைக்குக் காலையில மாடியில நின்னு முழுசா ஊதினா. நான் தோசைய ஊத்திட்டு அப்படியே நின்னுட்டேன். தோச கரிஞ்சு போச்சு. அத அவ அப்பா தட்டுல வச்சேன், கரிஞ்சது கூடத் தெரியாமத் தின்னுட்டாரு. அவரும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காரு.

அப்புறம் எதுக்கு இங்க வந்திருக்கீங்கன்னுதான கேக்கீங்க? அதத்தான் சொல்ல வாறேன். இவ கவனக் கொறவு, வேற என்ன. கம்பிய எடுத்ததும் ஒரு கிளிப்பு குடுப்பாங்க, ராத்திரி பகலாப் போட்டுக்கிடணும். சாப்பிடும்போது மட்டும் கழத்தலாம். போடலன்னா பல்லு மெள்ள மெள்ளப் பழைய எடத்துக்கே போயிரும். உங்க பிள்ளைக்கும் குடுப்பாங்க, பத்திரம். எம் மக மூணு கிளிப்ப தொலச்சுட்டா. மொத கிளிப்பு, அவ டிகிரி படிச்ச காலேஜ் கேண்டீன்ல பேப்பர்ல சுத்தி வச்சாளாம், எச்சி எலையோட போயிட்டாம். ரெண்டாவது, பக்கத்து வீட்டு நாய் கடிச்சுப் போட்டுட்டாம். மூணாவது, பஸ்ல வரும்போது தும்முனாளாம், ஜன்னல் வழியா விழுந்துட்டாம். என்ன சிரிக்கீங்க? நெசமாத்தான். அவ பொய் சொல்ல மாட்டா, கோயில்ல ஓய்வுநாள் பள்ளியில சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கா. நான் ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட ஏச்சு வாங்குதேன். இப்போ பல்லு திரும்ப முன்னால வந்துட்டு. ரெண்டும் நடுவுல சாஞ்சிட்டு. டாக்டர் போன தடவையே சொல்லிட்டாரு, இது சரிப்படாது, மறுபடி ஆறு மாசம் கம்பி போட்டு, பெறவு பல்லுக்குப் பின்னால ஒரு கம்பிய நெரந்தரமா ஒட்டிருவோம், தொலைக்கவே முடியாதுன்னு. அதுக்குத்தான் இன்னைக்கு. திங்கக்கெழம நாலு பெரிய மனுசங்க முன்னால போய் நிக்கணும்லா, பல்லு கோணலா இருந்தா நல்லாவா இருக்கும்? கம்பி கெடந்தா சரி பண்ணுதாவன்னாவது தெரியும், சத்தத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு.

வாங்க சிஸ்டர். ஆமா, எப்சிபாவோட அம்மாதான். டாக்டர் வந்துட்டாரா? இதுலயா? சம்மதமா? சரி சரி, கையெழுத்துப் போட்டு வைக்கேன்.

பாருங்க, கண்ணாடிய வேற கொண்டு வரல. எம்மா, இந்த ஃபாரத்துல எங்க போடணும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். கீழயா? பேனா எழுத மாட்டேங்கே.

என்ன கேட்டீங்க? சத்தம் எப்போ திரும்ப வந்துச்சா?

அது... போன கிறிஸ்மசுக்கு இன்னும் தாளந்தான் தட்டினா. மொத கிளிப்பு தொலஞ்சது அதுக்கு அடுத்த மாசம். லெந்து நாள்லதான், ஈஸ்டருக்கு முந்துன நோன்புல, லேசா, ஒடையாம ஒரு சத்தம் வந்துச்சு. அப்போதான் அந்த நாய் சங்கதியும் நடந்தது. பஸ்ல தும்முனது ஆடி மாசம். அதுக்குப் பெறவு நல்லா, கெட்டியா...

கொஞ்சம் இருங்க.

கிளிப்பு தொலயத் தொலய...

பக்கத்து வீட்ல நாயே கெடையாதும்மா. அந்த நாய் செத்து ரெண்டு வருசமாச்சு. நான்தான் அவங்க வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுட்டு வந்தேன். ஐயோ, நான் என்ன பொம்பள!

திருட்டுக் கழுத. மூணு கிளிப்பையும். என் மூஞ்சியப் பாத்து, பஸ்ல தும்முனேன்னு. நான் இங்க வந்து டாக்டர்கிட்ட தல குனிஞ்சு நிக்கேன், என் பிள்ளைக்கு கவனம் பத்தாதுன்னு சொல்லிக்கிட்டு. எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? எம்மா, என் பல்ல எனக்குத் திருப்பிக் குடுன்னு ஒரு வார்த்த...

சொன்னா. சொன்னாளேம்மா. அடுப்படியில வந்து நின்னு சொன்னா. நான்தான் அழுதேன். நான் அழுதா அவ என்ன பண்ணுவா? அதுக்கு மேல எங்கிட்ட சொல்ல முடியாமத்தான் இத்தன நாளும் வாய மூடிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா... இன்னைக்குக் கூடப் பேசாம வந்து படுத்திருக்கா பாருங்க உள்ள. கம்பிய மறுபடி போட்டா ஊத முடியாதுன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் காலையில முழுசா ஊதிட்டு வந்திருக்கா. பெட்டியையும் தூக்கிட்டு வந்திருக்கா. திங்கக்கெழமைக்கு மூணு நாளு இருக்கு, அதுக்குள்ள அம்மைக்காக எல்லாத்தையும் விட்டுக் குடுக்க வந்து படுத்திருக்கா. நான் என்னத்த பெத்து வச்சிருக்கேன், தாயே.

அவளுக்குத் தெரியாண்டாம், நான் கண்டுக்கிட்டேன்னு. தெரிஞ்சா உசிர விட்டுருவா. நீங்களும் ஒண்ணும் காட்டிக்கிடாதீங்க. இந்தாங்க, இந்த ஃபாரத்த மடிச்சு உங்க பைக்குள்ள வைங்க. நல்லா உள்ள தள்ளுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, வைங்கம்மா.

இந்தா வாறேன் சிஸ்டர். ஃபாரமா? அதக் காணோமே! இப்பத்தான் கையில வச்சிருந்தேன். பெஞ்சுக்கு அடியிலயும் பாத்துட்டேன். எங்க போச்சுன்னே தெரியல. இல்ல இல்ல, வேற ஃபாரமும் வேண்டாம். எனக்குத் தல சுத்துது, ரத்த அழுத்தம். இன்னைக்கு ஒண்ணும் முடியாது, பிள்ளைய எழுப்பி விடுங்க. பெரிய டாக்டர் ஏசுவாரா? ஏசட்டும் சிஸ்டர், எனக்கு என்ன புதுசா? நாங்க பெறவு வாறோம். எப்பன்னா, பெறவு.

வாட்டி எப்சிபா. என்னத்த முழிக்க? எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். பெட்டிய நான் தூக்குதேன், விடு. வெரசா நட. பதினோரு மணி பஸ்ஸ புடிச்சாத்தான் வீட்டுக்குப் போய் நீ ஊத முடியும்.